பெயர் மாறிய மன்னர்கள்

நுழையும்முன்

நாம் வாழும் மைசூருவில் அரசர்களைக் காணாமல் ஒரு நாளும் கழிவதில்லை. சிலையாகவும், சாலைப் பெயராகவும், மருத்துவமனைப் பெயராகவும் அவர்கள் நம்முடன் இருக்கிறார்கள். நாடக மேடையில் தோன்றும் அரசரோ வேறொருவர். அவர் பேசுவார், அழுவார், தவறு செய்வார், தோற்பார். இங்கிலாந்தின் மேடையில் அவ்வாறு தோன்றிய அரசர்கள் கடல் கடந்து நம் நாட்டு மேடைகளுக்கு வந்தபோது என்ன ஆனார்கள் என்பதை இப்பாடத்தில் அறிவோம்.

அரண்மனையும் நாடக சபையும்

மைசூரு அரண்மனையின் வடபுறத்திலுள்ள சாமராஜ வட்டத்தை நீங்கள் பேருந்தில் எத்தனையோ முறை கடந்திருப்பீர்கள். அங்கே சிலையாக நிற்பவர் பத்தாம் சாமராஜேந்திர உடையார். 1831ஆம் ஆண்டு மைசூரு நாட்டின் ஆட்சிப் பொறுப்பை ஆங்கிலேயர் தம் கையில் எடுத்துக்கொண்டனர். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1881இல், அதனை அவர்கள் திருப்பி அளித்தது இவரிடமே.

நாட்டைத் திரும்பப் பெற்ற காலத்திலேயே இம்மன்னரின் ஆதரவில் ஒரு நாடகக் குழு உருவாயிற்று. அதற்கு ஸ்ரீ சாமராஜேந்திர கர்நாடக நாடக சபை என்று பெயர். அரசவைக் கவிஞர் பசவப்ப சாஸ்திரி காளிதாசனின் சாகுந்தலத்தைக் கன்னடத்தில் ஆக்கினார். அதனால் ‘அபிநவ காளிதாசர்’ என்ற புகழும் பெற்றார். வடமொழி நாடகங்களோடு ஆங்கில நாடகங்களும் இக்காலத்தில் கன்னடத்திற்கு வரத் தொடங்கின. ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’ இதே பசவப்ப சாஸ்திரியின் கையால் ‘சூரசேன சரித்திரம்’ ஆயிற்று. மைசூருவைச் சேர்ந்த எம். எஸ். புட்டண்ணா ‘லியர் மன்னன்’ நாடகத்தைத் தழுவி ‘ஹேமச்சந்திரராஜ விலாசம்’ எழுதினார். எம். எல். ஸ்ரீகண்டேச கௌடர் ‘மேக்பெத்’ நாடகத்தைப் ‘பிரதாபருத்ரதேவன்’ என்று மாற்றினார்.

இம்மூன்று பெயர்களையும் மீண்டும் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். லியர் ஹேமச்சந்திரன் ஆகிவிட்டான். மேக்பெத் பிரதாபருத்திரன் ஆகிவிட்டான். பிரதாபருத்திரன் என்பது வாரங்கலை ஆண்ட காகதீய மன்னர் ஒருவரின் பெயருமாகும். பனி பெய்யும் வடபுலத்து அரசன் தக்காணத்து மன்னனின் பெயரைச் சூடி, தலைப்பாகை கட்டி, கன்னடம் பேசிக்கொண்டு மேடையேறினான். பார்ப்பவர் கண்ணுக்கு அவன் அயலான் அல்லன்.

வந்தவர் யார், வராதவர் யார்?

ஷேக்ஸ்பியர் 1564 முதல் 1616 வரை வாழ்ந்தவர். அவர் மறைந்த பின்னர் நண்பர்கள் 1623இல் வெளியிட்ட பெருந்தொகுப்பில் பத்து நாடகங்கள் ‘வரலாறுகள்’ என்ற பிரிவில் வைக்கப்பட்டுள்ளன. ஜான், இரண்டாம் ரிச்சர்டு, நான்காம் ஹென்றி, ஐந்தாம் ஹென்றி, ஆறாம் ஹென்றி, மூன்றாம் ரிச்சர்டு, எட்டாம் ஹென்றி ஆகிய ஏழு மன்னர்களின் பெயர்களே அவற்றின் தலைப்புகள். இவர்கள் எல்லாரும் இங்கிலாந்தை உண்மையிலேயே ஆண்டவர்கள்.

நம் நாட்டு மேடைகளுக்குப் பெரிதும் வந்தவர்கள் இந்த எழுவர் அல்லர் என்பதுதான் வியப்பு. லியர் என்பவன் பழங்கதையில் வாழும் பிரித்தானிய மன்னன். அவன் உண்மையில் இருந்தானா என்பதற்கே சான்றில்லை. சிம்பலின் உரோமானியர் காலத்து மன்னன். இங்கிலாந்து என்ற பெயரே அப்போது தோன்றவில்லை. மேக்பெத் இங்கிலாந்தை ஆண்டவன் அல்லன், ஸ்காட்லாந்தை ஆண்டவன். ஹாம்லெட் டென்மார்க்கின் இளவரசன். உண்மையான ஆங்கில மன்னர்கள் கல்லூரிப் பாடநூல்களில் தங்கிவிட, கதை மன்னர்கள் கப்பலேறி வந்து நம் ஊர்களில் குடியேறினார்கள்.

ஏன் இப்படி? ஆறாம் ஹென்றியின் நாடகத்தை எண்ணிப் பாருங்கள். வெள்ளை ரோசாவைச் சின்னமாகக் கொண்ட யார்க் குடும்பமும், சிவப்பு ரோசாவைச் சின்னமாகக் கொண்ட லங்காஸ்டர் குடும்பமும் அரியணைக்காகச் சண்டையிட்ட கதை அது. யார் யாருக்குப் பெரியப்பா, எந்தக் கோட்டை யாருடையது, எவன் எப்போது கட்சி மாறினான் என்பதெல்லாம் தெரிந்தால்தான் அது சுவைக்கும். அந்த மண்ணைவிட்டுப் பெயர்த்தால் அது வாடிவிடும். லியரின் கதைக்கு அத்தகைய தேவை எதுவுமில்லை. ஒரு முதிய தந்தை தன் நாட்டை மூன்று மகள்களுக்குப் பங்கிட முனைகிறார். இனிக்கப் பேசிய இருவருக்கும் எல்லாவற்றையும் கொடுக்கிறார். உண்மை பேசிய இளையவளைத் துரத்துகிறார். கொடுத்து முடித்தபின் அவருக்கு இருக்க இடமில்லை. இதைப் புரிந்துகொள்ள இங்கிலாந்தின் வரலாறு எதற்கு? நிலப்பங்கீடு நடந்த எந்த ஊரிலும், எந்தத் தெருவிலும் இந்தக் கதைக்குப் பொருள் உண்டு.

பம்மலாரின் பெயர்சூட்டு விழா

தமிழகத்திலும் இதுவே நிகழ்ந்தது. 1873இல் பிறந்த பம்மல் சம்பந்த முதலியார் 1891ஆம் ஆண்டு சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். நாடகம் ஆடுவது மதிப்புக்குறைவான தொழில் என்று கருதப்பட்ட காலம் அது. வழக்கறிஞர்களும் அரசு அலுவலர்களும் அச்சபையில் சேர்ந்து வேடம் புனைந்தனர். வழக்கறிஞராக இருந்து பின்னர் நீதிபதியாகவும் பணியாற்றிய பம்மலார் ஏராளமான நாடகங்களை எழுதினார், நடித்தும் காட்டினார்.

ஷேக்ஸ்பியரைத் தமிழாக்கியபோது அவர் பெயர்களில் ஒரு விளையாட்டைச் செய்தார். ஹாம்லெட் ‘அமலாதித்யன்’ ஆனான். மேக்பெத் ‘மகபதி’ ஆனான். சிம்பலின் ‘சிம்ஹளநாதன்’ ஆனான். ஆங்கிலப் பெயரையும் தமிழ்ப் பெயரையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். ஓசை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஆனால் பொருள் முற்றிலும் புதியது. சிம்பலின் என்பதற்கு நம் செவியில் எப்பொருளும் இல்லை. சிம்ஹளநாதன் என்றாலோ, ஈழத்தின் அரசன் என்று உடனே விளங்குகிறது. ஓசையைக் காப்பாற்றிக்கொண்டே நாட்டை மாற்றிவிட்ட இந்தத் திறமை மொழிபெயர்ப்பாளர்களில் சிலருக்கே வாய்க்கும். வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பள்ளியில் ஆங்கிலமும் பேசும் உங்களுக்கு இந்த விளையாட்டு எளிதில் பிடிபடும் என்று நம்பலாம்.

மேடை சொன்னதும் மண் சொன்னதும்

நாடகத்தில் வரும் மன்னரும் வரலாற்றில் வாழ்ந்த மன்னரும் ஒருவரேயா? மூன்றாம் ரிச்சர்டின் கதை இதற்கு ஒரு விடை தருகிறது.

இவர் 1483 முதல் 1485 வரை இங்கிலாந்தை ஆண்டார். பாஸ்வொர்த் என்னுமிடத்தில் நடந்த போரில் கொல்லப்பட்டார். வென்றவர் ஏழாம் ஹென்றி. ஷேக்ஸ்பியர் இந்நாடகத்தை எழுதியபோது ஆட்சியில் இருந்தவர் முதலாம் எலிசபெத் அரசி. அவர் ஏழாம் ஹென்றியின் பேத்தி. வென்றவரின் பேத்தி ஆளும் நாட்டில் தோற்றவரை நல்லவராகக் காட்ட முடியுமா? ஷேக்ஸ்பியரின் ரிச்சர்டு முதுகு கூனியவர், கை சூம்பியவர், நொண்டி நடப்பவர், சிறுவர்களைக் கொல்விப்பவர். நாடகம் மிகச் சிறப்பாக அமைந்துவிட்டது. ஆகவே நானூறு ஆண்டுகளாக உலகம் அவரை அவ்வாறே நினைத்தது.

2012ஆம் ஆண்டு லெஸ்டர் நகரில் ஒரு வாகன நிறுத்துமிடத்தைத் தோண்டியபோது ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. மரபணுச் சோதனை முதலிய ஆய்வுகளால் அது ரிச்சர்டினுடையது என்று உறுதியாயிற்று. அவருடைய முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது. ஒரு தோள் மற்றதைவிடச் சற்று உயர்ந்திருக்கக்கூடும். ஆனால் மேடையில் கண்ட கூன் இல்லை. கை சூம்பவும் இல்லை. 2015இல் அவ்வெலும்புகள் உரிய மரியாதையுடன் லெஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டன. அவர் கொடியவரா, அல்லரா என்பதை எலும்புகள் சொல்லமாட்டா. அதைப் பற்றி வரலாற்றறிஞர் இன்றும் வாதிடுகின்றனர். கவிஞர் எங்கே மிகைப்படுத்தினார் என்பதை மட்டும் மண் காட்டிக்கொடுத்துவிட்டது.

மேக்பெத்துக்கும் இதே நிலைதான். தன் வீட்டில் விருந்தினராக உறங்கிய டங்கன் மன்னரை மேக்பெத் கத்தியால் குத்திக் கொல்வதாக நாடகம் கூறும். வரலாற்றில் டங்கன் இறந்தது போர்க்களத்தில், ஆண்டு 1040. அதன்பின் மேக்பெத் பதினேழு ஆண்டுகள் ஆட்சி செய்தான். ஜான் மன்னனைப் பற்றிய நாடகத்திலோ இன்னொரு வியப்பு. இன்று அவன் பெயரைச் சொன்னாலே 1215இல் அவன் ஒப்புக்கொண்ட மகா சாசனம் நினைவுக்கு வரும். அரசனும் சட்டத்திற்குக் கட்டுப்பட்டவன் என்ற கருத்துக்கு வித்திட்ட ஆவணம் அது. ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை!

நாடகத்தைக் கண்டு அஞ்சிய அரசுகள்

மேடையில் ஓர் அரசர் முடியிழந்தால், உண்மையில் முடி சூடியவருக்கு அது உவப்பாக இருக்குமா? இரண்டாம் ரிச்சர்டு 1399இல் அரியணையிலிருந்து இறக்கப்பட்டவர். அவரைப் பற்றிய நாடகம் 1597இல் அச்சானபோது, அவர் முடியைத் துறக்கும் காட்சி அதில் இடம்பெறவில்லை. எலிசபெத் அரசி மறைந்த பின்னரே அக்காட்சி அச்சேறியது. 1601 பிப்ரவரியில் எஸ்ஸெக்ஸ் பிரபுவின் ஆதரவாளர்கள் நடிகர்களுக்கு வழக்கத்திற்கு மேல் நாற்பது ஷில்லிங் கொடுத்து இந்நாடகத்தை ஆடச் செய்தனர். மறுநாள் பிரபு அரசியை எதிர்த்துக் கிளர்ந்தார், தோற்றார், அந்த மாதமே தலையை இழந்தார். நடிகர்களை விசாரித்து, தண்டிக்காமல் விட்டுவிட்டனர்.

‘லியர் மன்னன்’ நாடகமும் தப்பவில்லை. அது அறிவு கலங்கிய முதிய மன்னனின் கதை. மூன்றாம் ஜார்ஜ் மன்னர் முதுமையில் மனநோயால் துன்புற்றபோது, ஏறத்தாழ பத்து ஆண்டுகள், 1820இல் அவர் இறக்கும்வரை, அந்நாடகம் லண்டனில் ஆடப்படவில்லை. விக்டோரியா அரசியின் வாழ்க்கையை லாரன்ஸ் ஹவுஸ்மன் நாடகமாக எழுதினார். அதுவும் 1937ஆம் ஆண்டுவரை லண்டன் பொது அரங்கில் இடம்பெற அனுமதி பெறவில்லை.

அதே அரசு நம் நாட்டில் என்ன செய்தது என்பதையும் அறிதல் வேண்டும். விக்டோரியாவின் மகன் இளவரசர் எட்வர்டு 1875ஆம் ஆண்டு இறுதியில் இந்தியாவுக்கு வந்தார். கல்கத்தாவில் ஒரு வழக்கறிஞர் தம் வீட்டுப் பெண்கள் வாழும் அந்தப்புரத்திற்கு அவரை அழைத்துச் சென்று வரவேற்றார். ஊரார் முகம் சுளித்தனர். உடனே ‘கஜதானந்தனும் இளவரசரும்’ என்ற கேலி நாடகம் மேடையேறியது. அரசு அதைத் தடுத்தது. 1876ஆம் ஆண்டு நாடக நிகழ்ச்சிச் சட்டம் பிறந்தது. எந்த நாடகத்தையும் அரசு தடை செய்யலாம் என்ற அதிகாரத்தை அச்சட்டம் அளித்தது. பின்னாளில் தமிழகத்தில் வெ. சாமிநாத சர்மாவின் ‘பாணபுரத்து வீரன்’ தடைக்கு உள்ளானபோது, டி. கே. எஸ். சகோதரர்கள் அதையே ‘தேசபக்தி’ என்று பெயர் மாற்றி நடித்தனர். மன்னர்கள் மட்டுமல்ல, நாடகங்களும் பெயர் மாறித்தான் பிழைத்தன.

லண்டனுக்குச் சென்ற நம் மன்னர்

இங்கிலாந்தின் மன்னர்கள் மைசூருவுக்கு வந்ததைப் பார்த்தோம். அவர்கள் வருவதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே மைசூருவின் மன்னர் ஒருவர் லண்டன் மேடைக்குச் சென்றுவிட்டார். அவர் திப்பு சுல்தான்.

நம் நகரிலிருந்து அரைமணி நேரப் பயணத்தில் உள்ளது ஸ்ரீரங்கப்பட்டணம். 1792இல் அங்கே செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கையின்படி திப்பு தம் நாட்டில் ஏறக்குறையப் பாதியை இழந்தார். இளஞ்சிறுவர்களான தம் மைந்தர் இருவரையும் பிணையாக ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தார். அச்சிறுவர்கள் சென்னைக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். உங்கள் வயதினும் இளையவர்கள் அவர்கள். 1799 மே 4ஆம் நாள் கோட்டையின் வாயிலருகே போரிட்டு திப்பு இறந்தார்.

இச்செய்திகள் லண்டனுக்கு எட்டியதும் அங்கே அவை நாடகங்களாயின. ஆஸ்ட்லி என்பவர் நடத்திய அரங்கில் உண்மையான குதிரைகள் ஓடும், வாணவெடி வெடிக்கும். 1790களில் அங்கே முற்றுகைக் காட்சிகளை மக்கள் திரண்டு பார்த்தனர். அம்மேடையில் திப்பு பெரும்பாலும் கொடுங்கோலர். கார்ன்வாலிஸ் பிரபு பிணைச்சிறுவர்களை அன்போடு அணைத்துக்கொள்ளும் தந்தை. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தவர் யார் என்ற கேள்வியை அந்த மேடை கேட்கவில்லை. ரிச்சர்டுக்கு நேர்ந்ததே திப்புவுக்கும் நேர்ந்தது. வென்றவர் ஊரில் தோற்றவரின் வேடம் அப்படித்தான் புனையப்படும் போலும்.

இரு நூற்றாண்டுகள் கழித்து, இந்திய விடுதலையின் பொன்விழாவை ஒட்டி பி.பி.சி. வானொலி கிரீஷ் கர்னாடிடம் ஒரு நாடகம் கேட்டது. அவர் திப்புவையே எடுத்துக்கொண்டார். திப்பு தாம் கண்ட கனவுகளைப் பாரசீக மொழியில் தம் கையாலேயே ஒரு சுவடியில் எழுதி மறைத்து வைத்திருந்தார். அவர் இறந்தபின் அரண்மனையில் கிடைத்த அச்சுவடி இன்று லண்டனிலுள்ள பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது. முப்பத்தேழு கனவுகள் அதில் உள்ளன. கர்னாடின் ‘திப்பு சுல்தான் கண்ட கனவு’ அக்கனவுகளின் வழியே அவரைக் காட்டுகிறது. அதில் திப்புவின் அவையிலிருந்த வரலாற்றாசிரியர் கிர்மானியும், ஆங்கிலேயரான காலின் மெக்கன்சியும் ஒரே மன்னரை இரு கோணங்களில் நினைவுகூர்கின்றனர். திப்புவைப் பற்றி நம் மாநிலத்தில் இன்றும் ஒத்த கருத்து இல்லை. நாடகமும் தீர்ப்பு எதுவும் சொல்வதில்லை. அதனாலேயே அது எனக்குச் சிறந்ததாகத் தோன்றுகிறது.

மைசூரு மேடை இன்றும் மன்னர்களை விடவில்லை. 1989இல் பி. வி. காரந்த் தலைமையில் இங்கே ரங்காயணம் தொடங்கப்பட்டது. இதே காரந்த்தான் முன்னர் தில்லியில் மேக்பெத்தை யட்சகான முறையில் ‘பர்ணம் வனம்’ என்று ஆடச் செய்தவர். ரங்காயணத்தின் நடிகர் ஹுலுகப்ப கட்டிமனி சிறைக்கைதிகளை நடிகர்களாக்கினார். மேக்பெத்தின் கன்னட வடிவமாக எச். எஸ். சிவபிரகாஷ் எழுதிய ‘மாரநாயக’ நாடகத்தை மைசூருச் சிறைவாசிகள் நடித்தனர். கொலை செய்துவிட்டு உறக்கமிழந்த ஓர் அரசனின் வேடத்தை, தண்டனை பெற்றுச் சிறையிலிருக்கும் ஒருவர் ஏற்று நடிப்பதைக் கற்பனை செய்துபாருங்கள். அரங்கிலுள்ளவர்கள் அக்காட்சியில் மூச்சுவிடவும் மறந்திருப்பர்.

தாத்தாவிடம் கேளுங்கள்

திப்பு இறந்த அதே 1799ஆம் ஆண்டு, அக்டோபர் 16ஆம் நாள், கயத்தாற்றில் ஒரு புளியமரத்தில் தூக்கிலிடப்பட்டவர் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் வீரபாண்டிய கட்டபொம்மன். 1798இல் இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனை அவர் சந்தித்தது வரலாறு. அச்சந்திப்பில் அவர் வரியைப் பற்றி முழங்கியதாக நாம் அறிந்த வசனத்தை எழுதியவர் சக்தி கிருஷ்ணசாமி. சிவாஜி நாடக மன்றம் 1957இல் அதை மேடையேற்றியது. 1959இல் அது திரைப்படமாயிற்று. ஐந்தாம் ஹென்றி அஜின்கோர்ட்டில் தன் வீரர்களிடம் பேசியதாக ஆங்கிலேயர் மனப்பாடமாகச் சொல்லும் வீரவுரையும் அரசன் பேசியதன்று, ஷேக்ஸ்பியர் எழுதியதே.

கட்டபொம்மனின் வசனத்தை உங்கள் தாத்தாவோ அப்பாவோ நூலைப் பாராமலே சொல்லக்கூடும். இந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களிடம் கேளுங்கள். அவர்கள் கையை ஓங்கி, புருவத்தை நெரித்துச் சொல்லி முடித்தபின், ‘இதைக் கட்டபொம்மன் சொன்னாரா, கிருஷ்ணசாமி சொன்னாரா?’ என்று மெல்லக் கேட்டு, அவர்கள் தரும் விடையை உங்கள் பயிற்சி ஏட்டில் எழுதி வாருங்கள்.

சொல்லும் பொருளும்

தழுவல் – மூலக் கதையை எடுத்துக்கொண்டு தம் நாட்டுக்கேற்ப மாற்றி எழுதுதல்
பிணை – உடன்பாட்டுக்கு உறுதியாக ஒப்படைக்கப்படும் ஆளோ பொருளோ
சாசனம் – அரசு ஆவணம்
சுவடி – கையால் எழுதப்பட்ட ஏடு

எண்ணி எழுதுக

1. ஆறாம் ஹென்றியின் கதை நம் மேடைக்கு வராமல் லியரின் கதை வந்ததற்கு இப்பாடம் கூறும் காரணம் யாது? அக்காரணம் உங்களுக்கு ஏற்புடையதா?
2. மூன்றாம் ரிச்சர்டு, திப்பு சுல்தான் ஆகிய இருவரும் மேடையில் காட்டப்பட்ட முறையில் உள்ள ஒற்றுமையை விளக்குக.
3. பம்மலாரைப் போல, உங்களுக்குப் பிடித்த ஆங்கிலக் கதைத் தலைவர் ஒருவருக்கு ஓசை மாறாமல் தமிழ்ப் பெயர் சூட்டுக.